ஒரு கைக்கு ஒன்று கூட

எதைக் காட்டினாலும், வேண்டாம் என்று வாய் திறந்து சொல்லக்கூட வசுமதிக்கு அலுப்பாக இருந்தது. தலையை மட்டும் ஆட்டினாள்.

காலையில் ஆம்பேர் கோட்டை. சுவரெல்லாம் கண்ணாடிச் சில்லு பதித்த ஷீஷ் மஹால். ஷீஷ் என்றால் கண்ணாடியாம். வழிகாட்டி சொல்லச் சொல்ல, அவள் புருஷன் கதிரேசன் பள்ளிப் பிள்ளை மாதிரி திருப்பிச் சொன்னான்.

மத்தியானம் சங்கானேர். அச்சுப் போட்ட விரிப்புகளைக் கடைக்காரர் உதறி உதறிக் காட்டினார்.

எல்லாமே நன்றாக இருக்கிறது என்றாள்.

ஏழாம் மாதம், வளைகாப்புக்கு நாள் குறித்த பிறகு, வயிற்றிலேயே போய்விட்டது பிள்ளை. நாலு ஊர் பார்த்தால் மனசு மாறும் என்று ஆளாளுக்குச் சொல்லி ஜெய்ப்பூருக்கு ரயிலேற்றிவிட்டார்கள். நல்ல வைத்தியம்தான் போங்கள்!

கதிரேசன் பாவம். “உனக்குன்னு ஏதாவது ஒண்ணு கேளேன், வசு” என்று போகிற இடமெல்லாம் கெஞ்சினான். அவள் வாய்விட்டு ஒன்றைக் கேட்டால் போதும், அவனுக்கு உயிர் வந்துவிடும்.

சாயங்காலம் வளையல்காரத் தெரு.

கடைக்காரி இவளைக் கேட்கவே இல்லை. கையைப் பிடித்து இழுத்து மாட்ட ஆரம்பித்தாள். அனலில் காட்டி வளைத்த அரக்கு வளையல், சூடு ஆறவில்லை. வசுமதிக்கு அது உறைக்கவும் இல்லை.

இரண்டு கையும் நிறைந்தது. இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

“இந்தக் கைக்கு இன்னும் ஒண்ணு.”

கேட்டுவிட்டாள்!

“ஏக் அவுர்! ஏக் அவுர்!” கதிரேசன் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரன் எட்டிப் பார்த்தான்.

கடைக்காரி சிரித்தாள். இரண்டு கைக்கும் சமமாகத்தான் போட வேண்டும் என்று விரல்விட்டு எண்ணிக் காட்டினாள்.

அவள் கேட்கிறாள் அம்மா, கொடு என்று தமிழிலேயே சண்டை பிடித்தான்.

அந்த ஒன்றும் ஏறியது.

அப்புறம்தான் அவனுக்கு உறைத்தது. ஒரு கைக்கு ஒன்று கூடப் போடுவது அவர்கள் வீட்டில் ஒரே ஒரு விசேஷத்துக்குத்தான்.

அவள் இரண்டு கையையும் வயிற்றுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மெல்லக் குலுக்கினாள். காது கொடுத்துப் பார்த்தாள்.

“அரக்குங்க இது. உள்ளே கேக்காது. கண்ணாடியில இருக்கான்னு கேளுங்க.”

கண்ணாடிக்கு இந்தியில் என்ன என்று அவன் காலையில்தான் படித்திருந்தான்.

வாயில் வரவில்லை.