பத்தாவது வருடத்து ஓட்டு

"உன் புருஷன் பேர்கிட்ட என் பேனா போகாது. ஒன்பது வருஷமா போகல, இன்னைக்கும் போகாது. கிளம்பும்மா."

வாசலில் வந்து நின்ற லோரேனை, பூட்ஸில் ஒட்டிய பனியைத் தட்டக்கூட விடாமல் ஸ்டான் வோய்ச்சிக் சொன்னார். சிகாகோ பத்திரிகையில் நாற்பது வருடம் பேஸ்பால் எழுதிய மனிதர். புகழ் மண்டபத்தில் எந்த ஆட்டக்காரருக்கு இடம் என்று ஓட்டுப் போடும் எழுத்தாளர்களில் ஒருவர்.

லோரேன் கிளம்பவில்லை. நேராகச் சமையலறைக்குள் போய் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மேஜைமேல் ஓட்டுச் சீட்டு கிடந்தது. இன்று மாலைக்குள் தபாலில் சேர்க்க வேண்டும். அவள் கணவன் ராய்ஸ் டில்மனுக்கு இது பத்தாவது வருடம், கடைசி வருடம். நூற்றுக்கு எழுபத்தைந்து ஓட்டு விழாவிட்டால் பட்டியலிலிருந்தே பெயரை எடுத்துவிடுவார்கள்.

"உடம்பை ஏத்த ராய்ஸ் ஊக்கமருந்து ஊசி போட்டது தப்புதான். நான் இல்லைன்னு சொல்லல" என்றாள். "ஆனா அந்தக் கோடையில அறுபத்து மூணு ஹோம் ரன் அடிச்சப்போ, தினம் தினம் தலைமேல தூக்கி வெச்சு எழுதினது யாரு?"

"அப்போ எனக்குத் தெரியாது."

"ஒரே வருஷத்துல கழுத்து ரெண்டு மடங்கானது தெரியலையா? தொப்பி பத்தலைன்னு நீங்களே வேடிக்கையா எழுதினீங்களே."

வோய்ச்சிக்குக் காது சிவந்துவிட்டது. பொய்யாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார்.

"ஊசி போடாம யோக்கியமா ஆடினவன் எத்தனை பேர் உன் புருஷனால வேலை போய் வீட்டுல உட்கார்ந்தான் தெரியுமா? அவன் பொண்டாட்டி எவன் வீட்டுக் கதவைத் தட்டுவா? ஏற்கெனவே நாலு திருட்டுப் பசங்க உள்ள புகுந்துட்டானுங்க. அந்த மண்டபமே நாறிப் போச்சு."

"நாறிப் போன மண்டபத்துக்கு எதுக்கு இன்னும் ஓட்டுப் போடறீங்க? விட்டுத் தொலைக்க வேண்டியதுதானே? உங்களால முடியாது. ரிட்டயராகி ஆறு வருஷமாச்சு. டிசம்பர் வந்தா நாலு பேர் உங்களுக்குப் போன் பண்றதே இந்தக் காகிதத்துக்காகத்தான். இது இல்லேன்னா உங்களை ஒரு நாய் சீந்தாது."

"வாயை மூடு."

"கத்துறதோட சரி. அஞ்சு மணிக்கு நல்ல பிள்ளையா தபால் பெட்டியில போட்டுட்டு வருவீங்க."

வோய்ச்சிக் சீட்டைப் பிடுங்கினார். இரண்டாகக் கிழித்தார், நாலாகக் கிழித்தார். அப்படியும் ஆத்திரம் அடங்காமல், ஆறிப்போன காபிக்குள் போட்டு விரலால் அமுக்கினார்.

"பார்த்துக்கோ. எனக்கு இந்தப் பெருமையே வேண்டாம். உன் புருஷனுக்கும் கிடையாது, எவனுக்கும் கிடையாது. போ வெளியே."

லோரேன் முகத்தை மூடிக்கொண்டு ஓடினாள். வோய்ச்சிக் கதவை அறைந்து சாத்தினார்.

தெருமுனையில் நின்ற காருக்குள் ராய்ஸ் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தான். "என்னாச்சு?" என்றான்.

"நாலா கிழிச்சுட்டார்" என்ற லோரேன், கைப்பையிலிருந்து ஓட்டுப் போடும் எழுத்தாளர்கள் சிலரின் பட்டியலை எடுத்துப் பதினோராவது பெயரை அடித்தாள். "உன் பேரை விட்டுட்டு அனுப்பியிருந்தா, நமக்கு எதிர் ஓட்டா எண்ணியிருப்பாங்க. வந்து சேர்ற சீட்டுலதான் நூத்துக்கு எழுபத்தஞ்சு பார்ப்பாங்க, அனுப்பாத சீட்டு கணக்குலயே வராது. வண்டியை எடு, இன்னும் ஒரு கோபக்காரர் பாக்கி இருக்கார்."