இரவல் ரத்தம்

திராட்சை வியாபாரி வீரணன் ஐம்பத்து மூன்று வயதில் ஆள்மாறாட்டம் செய்யத் துணிந்ததற்குக் காரணம், ஊசி.

டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். "இந்தத் தடவை சர்க்கரை குறையலேன்னா தினம் ரெண்டு வேளை இன்சுலின்."

ஊசியைப் பார்த்தாலே வீரணனுக்குக் கண்ணைக் கட்டும். போட்டுவிடப் போவதோ அவர் மனைவி ஜோதிலட்சுமி. கேட்கவே வேண்டாம்!

வழக்கமாக டெஸ்ட்டுக்கு மூன்று நாள் முன்னால் நல்ல பிள்ளையாகிவிடுவார். ரிசல்ட்டில் தப்பித்தும் விடுவார். ஆனால் கம்பம் லேபில் இப்போது வந்திருக்கும் புது டெஸ்ட், மூன்று மாதச் சர்க்கரையையும் சேர்த்துக் காட்டிக் கொடுத்துவிடுமாம்.

மூன்று மாதமாக வீட்டில் கீரையும் கேழ்வரகுமாக உத்தமர். சுருளியாண்டி டீக்கடையில் மட்டும் தினம் நாலு டீ, சீனி தூக்கலாகப் போடச் சொல்லி. அவருக்கென்று தனி டப்பாவிலிருந்து போட்டு ஆற்றித் தருவார் சுருளியாண்டி. அந்த மரியாதையில் வீரணனுக்கு ஏகப் பெருமை.

அதே பெஞ்சில் தினமும் கூட உட்கார்ந்து டீ குடிப்பவர் ஜீப் டிரைவர் பொன்னுராஜ்.

"ஏலே பொன்னுராசு, எனக்குப் பதிலா நீ போயி ரத்தம் குடுத்துரு."

"மாட்டிக்கிட்டா?"

"லேப்ல இருக்குற புள்ள ஊருக்குப் புதுசு. நீ ஒட்டடைக்குச்சி மாதிரி இருக்க. ஒனக்கெல்லாம் எங்கிட்டு வரப்போகுது சர்க்கரை?"

மறுநாள் காலை லேபில் அந்தப் புதுப் பெண் சொர்ணலதா கூப்பிட்டாள்.

"வீரணன்!"

பழக்கதோஷத்தில் நிஜ வீரணன் பாதி எழுந்துவிட்டார். பொன்னுராஜ் அவர் தோளை அமுக்கி உட்கார வைத்துவிட்டுப் போய்க் கையை நீட்டினார். ஊசி ஏறியது பொன்னுராஜுக்கு. கண்ணை இறுக மூடிக்கொண்டது வீரணன்.

"அவுக யாரு? இப்புடி நடுங்குறாக?"

"தொணைக்கு வந்த ஆளும்மா."

வெளியே வந்ததும் இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அந்தச் சந்தோஷத்தில் சுருளியாண்டி கடையில் ஆளுக்கொரு டீ.

சாயங்காலம் ரிப்போர்ட்டை ஜோதிலட்சுமியே போய் வாங்கினாள். ஏழுக்குள் இருக்க வேண்டிய எண், ஒன்பது புள்ளி எட்டு!

அவள் நேராக டீக்கடைக்கு வந்தாள். பெஞ்சில் வீரணனும் பொன்னுராஜும். இரண்டு கிளாஸும் அந்தரத்தில் நின்றன.

"ஒன்பது புள்ளி எட்டாம்! நாளையிலருந்து இவுகளுக்கு ரெண்டு வேளை ஊசி. ஏண்ணே, உண்மையச் சொல்லுங்க, இவுக டீயில சீனியப் போட்டீகளா இல்லையா?"

சுருளியாண்டி பதறிப்போய் அந்தத் தனி டப்பாவைத் தூக்கிக் காட்டினார்.

"சத்தியமா இல்ல தாயி! நீங்க குடுத்துவிட்ட சீனியில்லாத இனிப்புப் பொடியத்தான் மூணு மாசமா இவுகளுக்குப் போடுறேன். நெசச் சீனி நாலு கரண்டி போடுறது பொன்னுராசுக்கு மட்டுந்தான்!"