சிக்னல் கிடைக்கும் பாறை

குரங்கணிக் கோயிலுக்கு மேலே, சிக்னல் கிடைக்கிற ஒரே பாறையில் பட்டுச்சேலையோடு நிற்கிறாள் முத்துப்பிரியா. ஏலத்தோட்டத்து ஈரம் காற்றில் ஏறி வருகிறது. கீழே காதுகுத்து, அண்ணன் மடியில் அவள் மகள், மொட்டைத் தலையில் சந்தனம் வெயிலுக்கு மினுங்குகிறது. போனில், அவள் டீமில் புரோகிராம் எழுதும் ஜெகதீஷ். “காய்ச்சல்னுதானப்பா உனக்கு லீவு குடுத்தேன்? லேப்டாப்பை மூடு.” “இந்த ஒரு பக் மட்டும்க்கா.” “காலையில இருந்து இதையேதான் சொல்ற. சோலி எங்கயும் ஓடிப் போகாது. உடம்பைப் பாரு.” “பிரியா, ஆசாரி காத்திருக்காரு, வெரசா வா,” என்று அண்ணன் கூப்பிடுகிறான். திரும்பாமலே, பொறு என்று கையைக் காட்டுகிறாள். எரிச்சலில் வளையல் குலுங்க, வேலையை ஒதுக்கிவைக்கத் தெரிய வேண்டும் என்று ஜெகதீஷுக்கு மறுபடியும் முதலிலிருந்து சொல்கிறாள். அவன் இடைமறிக்கிறான். “அக்கா, பின்னாடி ஒரு பிள்ளை வீறிட்டு அழுகுதே, யாருக்கா அது?”