வரைபடத்தில் ஏறிய எருமை

ஏரித் தண்ணீரில் முதுகு மட்டும் வெளியே தெரிய ஓர் எருமை சுகமாகக் கிடந்தது. கொக்கு ஒன்று பறந்து வந்து அதன் மேல் உட்கார்ந்தது.

"அக்கா, சங்கதி தெரியுமா? யார் வேணாலும் செல்போன்ல சேர்க்குற, அழிக்குற வரைபடத்துல உன்னையும் போட்டுட்டாங்க. வானத்துலேர்ந்து எடுத்த படத்தைப் பார்த்து, நீந்துறவங்க ஏறி இளைப்பாறுற மிதவைன்னு குறிச்சிருக்காங்க. கரையில செல்போனைப் பார்த்துப் பேசிக்கிட்டாங்க."

அவ்வளவுதான், எருமைக்குப் பெருமையில் இருப்புக் கொள்ளவில்லை. ஆனால் அசைந்தால் மிதவை இடம் மாறிவிடுமே! ஈ கடித்தும் வாலை ஆட்டவில்லை. பொழுது சாய்ந்தது. கரையில் கன்று பசியில் கத்தியது. எழுந்து போகலாமா வேண்டாமா என்று உள்ளுக்குள் தவித்ததே தவிர, காலை எடுக்கவில்லை.

அப்போது ஒருவன் மூச்சு வாங்க நீந்தி வந்து அதன் முதுகில் கை வைத்தான். வைத்தவன் அலறியடித்துக்கொண்டு கரையேறினான். செல்போனை எடுத்து எதையோ அழித்தான்.

கொக்கு போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தது. "வரைபடத்துலேர்ந்து உன்னை எடுத்துட்டாங்க அக்கா. இனி நிம்மதியா வீட்டுக்குப் போ."

கன்று மறுபடியும் கத்தியது.

எருமை அந்தப் பக்கம் திரும்பவில்லை. "நான்தான் அசைஞ்சிட்டேன் போல," என்றது. "இன்னும் கொஞ்சம் ஆடாம கிடந்தா திரும்பப் போட்டுருவாங்க."