பெர்த்தா விழுந்தாள்

“அம்மா, நீ கேறாதே. எனக்க மானம் போவும்.”

பல்லைக் கடித்துக்கொண்டு, யாருக்கும் கேட்காமல் சொன்னாள் ரினி.

பெர்த்தா கேட்கிற மாதிரி இல்லை. அதற்குள் லைஃப் ஜாக்கெட்டை மாட்டியாயிற்று.

வெள்ளறடைக்குப் பக்கத்தில், ரப்பர் தோட்டத்துச் சரிவில் புதிதாகக் கட்டிய வாட்டர் பார்க் அது. இன்று திறப்பு விழா. பெண்களுக்கு மட்டும் அனுமதி, அதுவும் இலவசம்.

குளத்தின் நடுவில் நின்ற விளையாட்டை வரைந்து, அளந்து, கூடவே நின்று கட்ட வைத்தவள் ரினி. முதலில் மிதக்கும் மெத்தைகள். அப்புறம் ஆடும் கயிற்றுப் பாலம். அதைத் தாண்டினால் வலைச் சுவர். அதில் ஏறி, உச்சியில் இருக்கும் மணியை அடித்துவிட்டு, மறுபக்கம் சறுக்கி இறங்க வேண்டும். கொச்சியில் ஒரு கம்பெனிக்கு வரைந்து கொடுத்துக்கொண்டிருந்தவள், தன் பெயரில் செய்த முதல் வேலை.

ஏறுவதைவிட விழுவதைப் பற்றித்தான் அவள் அதிகம் யோசித்திருந்தாள். எங்கே கால் வழுக்கினாலும் தண்ணீரில்தான் விழ வேண்டும். கம்பியிலோ விளிம்பிலோ ஒரு விரல்கூட இடிக்கக் கூடாது.

ஆனால், விழுவதற்கும் யாராவது ஏற வேண்டுமே!

காலையிலிருந்து ஒருத்தியும் ஏறவில்லை. வந்த பெண்களெல்லாம் கரையில் உட்கார்ந்து காலை நனைத்துக்கொண்டிருந்தார்கள்.

“நான் அன்னைக்கே சொன்னதாக்கும்,” என்றார் முதலாளி நேசமணி. “நம்ம பெண்ணுவ இதிலெல்லாம் கேறமாட்டாவ. இன்னைக்கு ஒரு நாளு பாப்பேன். யாரும் கேறலேண்ணா, இத இடிச்சுப் பொளிச்சிட்டு சறுக்கு வெச்சிருவேன், கேட்டியா?”

அந்த நேரத்தில்தான், காரோடு ஊரிலிருந்து பஸ் மாறி வந்திருந்த அம்மா எழுந்து போய் லைஃப் ஜாக்கெட்டை மாட்டினாள். ரினி தடுத்தும் கேட்கவில்லை.

முதல் மெத்தையில் கால் வைத்தாள்.

தொபீர்!

கரை முழுக்கச் சிரிப்பு.

“அய்யோ, அம்மச்சி போச்சு!”

பெர்த்தா மூக்கைச் சிந்திவிட்டு மறுபடி ஏறினாள். இந்த முறை பாலம்வரை போனாள். கைகளை விரித்தாள், இடமும் வலமும் ஆடினாள்.

தொபீர்!

“ஆரு அந்த அம்மச்சி?” என்றார் நேசமணி.

ரினி வேறு பக்கம் பார்த்தாள். காது மடல் சுட்டது. அவர் நகர்ந்ததும் குளத்தோரம் ஓடினாள்.

“முடியலேண்ணா இறங்கி வாயேன், அம்மா. ஆளுவ சிரிக்காவ.”

“நல்ல வெள்ளம் மக்கா!” ஊருக்கே கேட்கிற மாதிரிக் கத்தினாள் பெர்த்தா. “எனக்கு ஒண்ணும் ஆவல்ல, பாத்தியா?”

மறுபடி ஏறினாள். மறுபடி விழுந்தாள். விழுந்து எழுந்தபோது முதலில் சிரித்தது அவள்தான்.

கரையில் இருந்த பிரசீதா என்ற பெண் துப்பட்டாவைக் கழற்றிப் பக்கத்திலிருந்தவளிடம் கொடுத்தாள்.

“அந்த அம்மச்சியே விழுந்து விழுந்து கேறுது. நமக்கு என்னவாம்?”

பிரசீதாவும் விழுந்தாள். அவளைப் பார்த்துச் சிரித்தவளும் ஏறி விழுந்தாள். கொஞ்ச நேரத்தில் மெத்தைக்கு முன்னால் வரிசை நின்றது. கூச்சல், சிரிப்பு, தொபீர் தொபீர். யாரோ ஒருத்தி உச்சிக்குப் போய் மணியை அடித்ததும் கரையே கைதட்டியது. இன்னும் லைஃப் ஜாக்கெட் எடுத்து வர ஆள் அனுப்பினார் நேசமணி.

ரினிக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ஒரே ஒரு குறைதான். எல்லோரும் தாண்டுகிற பாலத்தை அம்மா மட்டும் இன்னும் தாண்டவில்லை.

அப்போதுதான் வலைச் சுவரிலிருந்து அலறல் கேட்டது. பாதி உயரம் ஏறிய பிரசீதா கீழே பார்த்துவிட்டாள். பயத்தில் கை கால் உறைந்துவிட்டது.

“எனக்குப் பேடியாவுது! என்னால முடியாது!”

“கைய விடுங்க சேச்சி! வெள்ளத்திலதான் விழுவீங்க!” கீழே தண்ணீரில் நின்று காவலுக்கு இருந்த அஜிஷா கத்தினாள். பிரசீதா கண்ணை இறுக்க மூடிக்கொண்டு வலையைக் கட்டிப்பிடித்திருந்தாள்.

ரினி ஓடினாள். அவளுக்கு முன்னால் யாரோ ஓடினார்கள்.

அந்தக் கால் பட்டும் மெத்தைகள் அசையவில்லை. பாலம் ஆடவில்லை. வலையில் பூனை மாதிரி ஏறிய உருவம், பிரசீதாவின் முதுகில் ஒரு கையை வைத்தது.

“கண்ணத் தொற பிள்ளே. கீழ பாக்கண்டாம், என்னப் பாரு. அந்தக் கால இஞ்ச வையி. அவ்வளவுதான். அடுத்தது.”

உச்சியில் மணி அடித்தது. அடித்தது பிரசீதாவின் கை.

“ஆரு பிள்ளே அது!” வாயைப் பிளந்தார் நேசமணி.

“எனக்க அம்மையாக்கும்!” என்றாள் ரினி. இந்த முறை ஊருக்கே கேட்டது.

அலையைத் தடுக்கக் கடலுக்குள் போட்டிருக்கும் புலிமுட்டுக் கல்லில், பாசி வழுக்கும் இடத்திலும் மீன்கூடையோடு நடந்து பழகிய கால் அது. பட்ட வெட்கத்தில் ரினிக்கு அது தோன்றவே இல்லை.

சறுக்கி இறங்கி வந்தாள் பெர்த்தா. ரினி ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள்.

“அம்மா… அப்பம் நீ இம்புட்டு நேரமும்…”

“மெல்லப் பேசு மக்கா.” பெர்த்தா கரைப் பக்கம் கண்ணைக் காட்டினாள். “இன்னும் கொறச்சு பேரு அங்க பேடிச்சு இருக்காவ. நீ கெட்டினதுல விழுந்தா ஒண்ணும் ஆவாதுண்ணு அவியளுக்கு ஆராவது காட்டண்டாமா?”

சொல்லிவிட்டு முதல் மெத்தையில் கால் வைத்தாள்.

தொபீர்!