அசையாத முள்

கோதண்டம் தூக்குவாளியைத் திறந்து முகர்ந்து பார்க்கிறான். "நெத்திலியா? இன்னாமே, இன்னிக்கி கவனிப்பு பலமா கீது!" அவன் மனைவி சொக்கம்மாள் சிரித்துக்கொண்டே சோற்றைத் தட்டில் கொட்டுகிறாள். ராயபுரம் ஐஸ் கம்பெனி முற்றத்தில் உச்சிவெயில். அவன் காலையில் ஷெட்டிலுள்ள பெரிய சிலிண்டரிலிருந்து அமோனியா நிரப்பிய சின்னச் சிலிண்டர், ஏற்றிப்போகும் வண்டிக்காக வெயிலில் நிற்கிறது. எடை பார்த்துத்தான் நிரப்ப வேண்டும். இன்று தராசைச் சுறா நிறுக்கக் கொண்டுபோய்விட்டார்கள். லாரி டயருக்குக் காற்றடித்துப் பழகியவன், அளவுமானியின் முள்ளை நம்பி நிரப்பியிருக்கிறான். "எம்மா நேரம் உட்டும் முள்ளு நூத்தம்பத்தஞ்சுலயே கீதுண்ணே. பாதிகூட ரொம்பல போல." அவன் சொன்னதைக் கேட்டு, ஷெட் வாசலில் நிற்கும் மெக்கானிக் வேதமாணிக்கத்தின் முகம் வெளுக்கிறது. "ஏலே, இது காத்து இல்லலே! அமுக்க அமுக்க வாயுத் துகளெல்லாம் ஒண்ணையொண்ணு இழுத்துத் தண்ணி மாதிரி ஆயிரும். எவ்வளவு ஊத்துனாலும் முள்ளு ஏறாது. கழுத்து வரைக்கும் ரொம்பியிருக்கும்லே! சூட்டுல தண்ணி விரிஞ்சா இரும்பு தாங்காது. ஓடு!" மதிலோரம் ஐஸுக்கு நிற்கும் மீன்காரப் பெண்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். கோதண்டமும் அவர்களைப் பார்க்கிறான். சொக்கம்மாளைச் சுவருக்குப் பின்னால் தள்ளிவிட்டு, சூட்டைத் தணிக்க ஈரச்சாக்கோடு சிலிண்டரை நோக்கி நடக்கிறான். "போவாதய்யா!" "சோத்த மூடி வையி, ஈ மொய்க்குது. தோ வந்துட்டேன்." சிலிண்டர் ஒருமுறை முனகுகிறது. பிறகு இரும்பு பிளக்கிறது; அவள் காதில் எதுவுமே விழவில்லை. கண்ணைக் கரிக்கும் வெண்புகை முற்றத்தை மூடுகிறது. அதற்குள் போனவன் திரும்பவில்லை. ஷெட் நிழலில், அவன் பாதி காலிசெய்த பெரிய சிலிண்டரின் முள் நூற்றைம்பத்தைந்திலேயே நிற்கிறது.