யவனன் மகள்

“இங்க யார் யார் இருக்கீங்க? ஒவ்வொருத்தரா பேரைச் சொல்லுங்க.”

சாதாரண உடையில் வந்திருந்த போலீஸ்காரர் எழுதிக்கொண்டார். தொப்பிக் கடை அனெஸ்திஸ். அவர் மனைவி பொலிக்ஸேனி. அவளுடைய தம்பி லாம்ப்ரோஸ். மாடியில் தனியாக வசிக்கும் கொஸ்மாஸ், மாதா கோயிலில் பாடுகிறவர். உள்ளறைக் கட்டிலில் பதினொரு வயது ஸோயி. அவளுக்குப் பதிலாக அவள் இருமல் பேசியது.

“அனெஸ்திஸ், யவனக் குடிமகன். மகள் ஸோயி, யவனக் குடிமகள். ரெண்டு பேரும் நாட்டை விட்டுக் கிளம்பணும். மத்தவங்க துருக்கிக் குடிமக்கள், இருக்கலாம். ஆளுக்கு ஒரு பெட்டி. சாயங்கால ரயில்.”

“யாருய்யா யவனன்?” அனெஸ்திஸ் எழுந்தார். “யவனன் கடலுக்கு அந்தப் பக்கம் ஏதென்ஸ்ல இருக்கான். நான் இஸ்தான்புல்ல பொறந்தவன். இந்த ஊரு ரோம் ராஜ்யத்துக்குத் தலைநகரா இருந்த காலத்துலேர்ந்து எங்களுக்கு ரோமியர்னுதான் பேரு. உங்க ஆளுங்களே அப்படித்தான் கூப்பிடுறாங்க.”

“கூப்பிடட்டும். பாஸ்போர்ட்ல என்ன போட்டிருக்கு?”

“அது எங்கப்பா கிரீஸ் நாட்டுக் கியோஸ் தீவுலேர்ந்து கொண்டுவந்த காகிதம்.”

“சைப்ரஸ்ல உங்க ஆளுங்க எங்க ஆளுங்களைச் சுடுறாங்க. இங்க யவனன் யாரும் இருக்கக் கூடாதுன்னு உத்தரவு.”

“சைப்ரஸை நான் வரைபடத்துலதான் பார்த்திருக்கேன்.”

லாம்ப்ரோஸ் சிரித்தான். “அந்தக் காகிதம் அன்னிக்கு இனிச்சுதே அத்தான். போர்க் காலத்துல வரி போட்டாங்க. ரோமியன்னா பல மடங்கு. கட்ட முடியாம நான் கைதி முகாம்ல, பனியில கல்லு உடைச்சேன். நீங்க ‘நான் யவனன்’னு காகிதத்தை ஆட்டிட்டு வீட்டுல சூப்பு குடிச்சீங்க. இப்ப யவனனுக்கு அடி விழுது, உடனே ரோமியன் ஆயிட்டீங்களா?”

“அந்தச் சூப்புலதான்டா உன் பொண்டாட்டி புள்ளைங்களும் வளந்தாங்க.”

“போதும்,” என்றார் போலீஸ்காரர். “பொண்ணைக் கிளப்புங்க.”

பொலிக்ஸேனி குறுக்கே வந்தாள். “அவளுக்கு நுரையீரல்ல காசம்ங்க. ரெண்டு நாள் ரயில்ல உட்கார்ந்தா பொணமாத்தான் இறங்குவா. டாக்டரே சொல்லியிருக்கார்.”

“நீங்க போன வாரம் குடுத்த மனுவை மேலே காட்டிப் பார்த்தாச்சு. யவனன் மகள் யவனச்சிதான், காசம் வந்தா ரோமியச்சி ஆயிடுவாளான்னு கேட்டாங்க.”

உள்ளறையில் இருமல் மறுபடி தொடங்கியது.

“அவ யவனன் மகள் இல்லை,” என்றாள் பொலிக்ஸேனி.

“என்னது?”

அவள் கணவனைப் பார்த்தாள். “அவ... அவ வந்து...”

“ஏன் நிறுத்திட்டே?” அனெஸ்திஸ் கத்தினார். “சொல்லு. உன் தம்பி முன்னாடியே சொல்லு. யாருக்குப் பொறந்தா?”

“இவருக்குப் பொறக்கலை. கல்யாணம் ஆகிப் பதினாலு வருஷம் தொட்டில் காலியாத்தான் கிடந்துது. இவர் எந்நேரமும் கடை. மாடியில ஆள் இருந்தார்.”

“ஆளுக்குப் பேரு கிடையாதா? பேரைச் சொல்லுடி.”

“கொஸ்மாஸ்.”

அனெஸ்திஸ் மேசை மேலிருந்த விளிம்பு உடைந்த தட்டை எடுத்துச் சுவரில் அடித்தார். சில்லுகள் கொஸ்மாஸின் காலடி வரை சிதறின. கொஸ்மாஸ் நகரவில்லை. பாடப் போகிறவர் போலத் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“ஆமா. என் பொண்ணுதான். நான் ரோமியன், துருக்கிக் குடிமகன். அவளும் அப்படித்தான்.”

லாம்ப்ரோஸ் தரையில் துப்பினான். “ஞாயித்துக்கிழமை பலிபீடத்துப் பக்கத்துல நின்னு பாடுற வாயாய்யா இது? அக்கா, இனிமே உன் வாசப்படி மிதிக்க மாட்டேன். இந்த மனுஷன் மேல எனக்கு ஆயிரம் கோபம் இருக்கு. ஆனா இது அநியாயம்.”

போலீஸ்காரருக்குக் காது சிவந்துவிட்டது. “புருஷன் நீங்க என்ன சொல்றீங்க?”

“எனக்கு மகளே கிடையாது. அப்படியே எழுதுங்க. இவங்க எல்லாரும் கையெழுத்துப் போடட்டும்.”

போட்டார்கள். லாம்ப்ரோஸ் பேனாவைக் காகிதம் கிழியும்படி அழுத்தினான்.

“மேலிடம் விசாரிச்சு முடிவு சொல்ற வரைக்கும் பொண்ணு இங்கயே இருக்கட்டும்,” என்றார் போலீஸ்காரர். “நீங்க வாங்க. யவனனா இருந்தாலும் உங்களை நினைச்சாப் பாவமாத்தான் இருக்கு.”

அனெஸ்திஸ் பெட்டியைத் தூக்கினார். உள்ளறைப் பக்கம் திரும்பவே இல்லை. வாசலுக்குப் போனவர், சட்டென்று திரும்பி வந்து, கொஸ்மாஸின் சட்டையைப் பிடித்துக் கதவு நிலையில் சாய்த்தார். பல்லைக் கடித்தபடி காதருகில் ஏதோ சொன்னார். லாம்ப்ரோஸும் போலீஸ்காரரும் இழுத்துப் பிரிக்க வேண்டியிருந்தது.

“என்ன சொன்னார்?” என்றார் போலீஸ்காரர்.

கொஸ்மாஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “கொன்னுடுவேன்னார்.”

“சொல்லாம என்ன செய்வாரு,” என்றான் லாம்ப்ரோஸ். பெட்டியை வாங்கிக்கொண்டு அத்தானோடு படியிறங்கினான்.

அனெஸ்திஸ் சொன்னது வேறு: “ராத்திரி மருந்துல தேன் கலந்து குடு கொஸ்மாஸ், இல்லேன்னா எம்பொண்ணு துப்பிடுவா.”

பொலிக்ஸேனி, காலையில் அவர் சொல்லிக்கொடுத்திருந்தபடியே, ஒரு சொட்டுக் கண்ணீர் காட்டாமல் அவருக்குப் பின்னால் கதவைப் படாரென்று சாத்தி, இரண்டு சுற்றுப் பூட்டினாள்.